கண்ணை மூடும் மெக்கானிக்

கரியாலூர் மலைப்பாதையில் அடிவாங்கியதிலிருந்து என் கார் இடது பக்கமே இழுத்தது. கள்ளக்குறிச்சியில் வீல் அலைன்மெண்ட் பார்க்கும் பெரிய மீசைக்காரர் ஒருவர் அதைச் சரிசெய்தார். பிறகு என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்குறீங்களா?"

"வண்டிய கவனிச்சிக்கினு இருக்கேன். நீங்க ரோட்ட பாருங்க."

"இப்போ வலது பக்கம் இழுக்குதே!"

"வண்டி இழுக்கல சார். இத்தினி நாளா வலது பக்கமா இழுத்துப் புடிச்ச உங்க கை இன்னும் வுடல. எறங்குங்க, நான் ஓட்டுறேன். நீங்க கண்ண மூடுங்க."

மூடினேன். கார் கோடு போட்டாற்போல் ஓடியது. பாராட்டலாமென்று திரும்பிக் கண்ணைத் திறந்தேன். அவர் இரண்டு கைகளையும் மார்பில் கட்டியிருந்தார்.

பார்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அவர் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.