வேதவல்லி மேடத்தின் நாற்காலி

ஆயுத பூஜையன்று காலை, எங்கள் ஆய்வுக்கூடத்தின் கணினி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வேதவல்லி அவர்களின் கணவர் சம்பத் தொலைபேசியில் அழைத்தார். "வேதா போயிட்டா. நீங்க வர வேண்டாம். அங்கயே இருங்கோ, அவ அதைத்தான் சொல்லிண்டிருந்தா." வெளியே கேட்டருகில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர் மேடம். நமக்குப் பெரிய கணினி விற்பதற்கு வெளிநாட்டார் ஆயிரம் நிபந்தனை போட்ட காலத்தில் வேலைக்கு வந்தவர். எதைக் கணக்கிடலாம், எதைக் கூடாது என்று விற்கிறவனே எழுதி வாங்கிக்கொள்வான். அந்த அவமானம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. பிற்பாடு சொந்தக் குழு கிடைத்ததும், சந்தையில் கிடைக்கும் சாதாரணச் செயலிச் சில்லுகளை வாங்கி, அவற்றை இணைக்கும் பலகைகளைத் தாமே வடிவமைத்து, ஒரே கணக்கை எல்லாமாகப் பங்குபோட்டுச் செய்யும் மிஷினைக் கட்டினார். காவிரியில் வெள்ளம் எப்போது, எந்த ஊருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அதன் வேலை.

"வாங்கின மிஷின் கெட்டா கம்பெனி ஆளைக் கூப்பிடலாம். நாம பண்ணினது கெட்டா நாமதான் ஆள்" என்பார். முன்கோபக்காரர். கூட்டத்தில் யாராவது தெரிந்த பதிலைச் சொல்லாமல் விழித்தால், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டுவிடுவார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு ஜீப்பிலிருந்து கடைசல் இயந்திரம் வரை எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். மேடத்தின் மிஷினுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஒரு வருடம் புதிதாக வந்த நிர்வாக அதிகாரி அதையும் நிறுத்தச் சொன்னார். மேடம் மன்றாடினார். பலகைகளில் வருடக்கணக்கில் சூட்டிலேயே இருக்கும் ஈயப் பற்றவைப்புகள் ஆறினால் சுருங்கி விரிசல் விடும், மாற்றுப் பலகை கிடையாது என்றார். ஒரே ஒரு நாள்தானே, தெய்வ காரியத்துக்குத் தடை சொல்லலாமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள்.

சந்தனமும் குங்குமமுமாக மிஷின் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அது எழவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றவைப்பாகத் தேடிச் சரிசெய்தோம். அதற்குள் ஆற்றின் மேற்பகுதியில் மழை கொட்டி, கொள்ளேகால் பக்கத்து ஆற்றோர ஊர்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆற்றுத் திட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் திரும்பவில்லை.

மேடம் அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இறந்த கணவரின் அக்கா கேட்டார்: "தண்ணி வர்றது உங்க மிஷினுக்கு முன்னாடியே தெரியுமாமுங்க. அன்னிக்கு ஏனுங்க சொல்லல?"

கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? மேடம் சொல்லவில்லை. "பூஜைக்காக நிறுத்தி வெச்சிருந்தோம்மா" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குங்குமத்தோடு வருகிறவர்களைக் கதவோடு நிறுத்திவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். பைத்தியம் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது வெளிநாட்டு மிஷின் ஒன்று வாங்கியாயிற்று. அது இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. வெள்ளக் கணக்கு இன்றைக்கும் பழையதில்தான் ஓடுகிறது.

இந்த முறை சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்கப் போனபோது நலம் விசாரிக்கவே விடவில்லை. "நாற்காலியைக் காலியா விடாதீங்கோ" என்றார்.

காலியாக விடவில்லை. குங்குமத் தட்டோடு வந்தார்கள். சுவிட்சை அணைப்பது பற்றிப் பேச்செடுத்தார்கள். மேடம் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். கதவில் மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். சாமுண்டி மலையடிவாரத்தில் அவருக்குக் கொள்ளி வைத்த நேரத்தில் நான் அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து அழுதுகொண்டிருந்தேன். உள்ளே விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வரவில்லை, மேடம். மிஷின் ஓடுகிறது.