நூல் இல்லை என்று சொன்னவள்

ஷைஜாவின் கதையைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் வாழ்க்கை இப்படி ஆனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. என் பெயர் பேபி. ஐம்பத்திரண்டு வயதாகியும் பேபிதான், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இராஜாக்கமங்கலம் போகிற வழியில் உள்ள ஒரு அண்டி ஆபீஸில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். முந்திரிக்கொட்டையை உடைக்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

என்னுடையது தல்லு வேலை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, உள்ளே இருக்கிற பருப்பு நொறுங்காமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலில் விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். முதலில் விரல் கறுக்கும், அப்புறம் தொலி உரியும், அப்புறம் பழகிவிடும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மிஷின் எங்களை அடையாளம் கண்டுகொள்ளாது. எங்களைக் கண்டதுமே கடைக்காரர், "தல்லுகாரி வந்தாச்சு, கண்ணக் காட்டுங்க" என்று கண்ணைப் படம் பிடிக்கிற கருவியை எடுத்துவிடுவார். நாங்களும் சிரித்துக்கொண்டே கண்ணைக் காட்டிவிட்டு அரிசி வாங்கி வருவோம்.

ஷைஜா வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, இடுப்பில் ஒரு வயதுப் பெண்குழந்தை. புருஷன் ஸ்டெனி ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவான். வீட்டில் மாமியார் ஞானசெல்வி. அந்த அம்மாள் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருமகளைத் தனியாக எங்கேயும் விட மாட்டாள். தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் கூடவே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

என் பக்கத்துக் கல்தான் ஷைஜாவுக்கு. கூடவே உட்கார்ந்து உட்கார்ந்து, அவள் வீட்டில் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். அப்படித்தான் காப்பர்டி விஷயம் எனக்குத் தெரிந்தது. பேறுகாலத்துக்குக் கொட்டாரம் என்ற ஊரில் அம்மா வீட்டில் இருந்தபோது, குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் கருத்தடைக்குக் காப்பர்டி போட்டுக்கொள்கிறாயா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். ஸ்டெனி திரும்பிப் போகப் பதினெட்டு நாள் பாக்கி. கைக்குழந்தையோடு இன்னொன்று உண்டாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, சரி என்று போட்டுக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தவள், அவன் விமானம் ஏறின பிறகு சொல்லவே முடியாது என்று கண்டுகொண்டாள்.

"ஏன் முடியாது?" என்று கேட்டேன்.

"நான் ஊர்ல இல்லாதப்போ உனக்கு அது எதுக்குன்னு கேட்டா என்னக்கா சொல்லுவேன்?" என்றாள்.

கல்ஃப்காரன் பொண்டாட்டி புதுச்சேலை கட்டினாலே நாலு பேர் கேள்வி கேட்கிற ஊர் இது. அவள் அம்மாவும் அடுத்த வருடமே மாரடைப்பில் போய்விட்டாள். அதோடு இந்த ரகசியம் தெரிந்த ஆள் என்று நான் ஒருத்திதான் மிச்சம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு வியாழக்கிழமை. ஷைஜா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டையைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு புதன்கிழமை வாராராம். திடீர்னு லீவு கெடச்சிட்டாம்."

"நல்லதுதானே பிள்ளே. அதுக்கு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்க?"

"இந்தத் தடவ ரெண்டாவது பிள்ளைக்கிப் பாக்கணும்னு சொல்லுகாரு. எனக்கும் ஆசதான். எனக்க பிள்ளைக்கி ஒரு துணை வேண்டாமா? ஆனா உள்ள அது கெடக்குல்லா."

எடுத்தால் போயிற்று, ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிட வேலை என்றுதான் நானும் முதலில் சொன்னேன். எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானசெல்விக்குத் தம்பி மகள். அங்கே காலை வைத்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். நாகர்கோவில் போகலாம் என்றால் லீவு வேண்டும். ஓண லோடு போகிற நேரத்தில் ஒருத்திக்கும் அரை நாள் கூடக் கிடையாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். அரை மணி நேர பஸ் பயணம், வேலை போனாலும் பரவாயில்லை என்று போயிருக்கலாம். இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு நாகர்கோவில் எங்களுக்கு ஷார்ஜாவைவிடத் தூரமாக இருந்தது.

அப்போதுதான் அவள் மெதுவாகக் கேட்டாள். "வீட்டுல வச்சே நூலப் பிடிச்சு இழுத்தா வந்திரும்னு சொல்லுகாவளே, உள்ளதாக்கா?"

காப்பர்டியின் நுனியிலிருந்து மெல்லிய நூல் ஒன்று தொங்கும். அதை இழுப்பதைப் பற்றி எங்கள் ஆபீஸில் இரண்டு கதை உண்டு. பருப்புத் தொலி உரிக்கிற பகுதியில் ஒருத்தி தானே இழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தாள். இன்னொருத்தி இழுத்து, ரத்தம் நிற்காமல், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டையும் ஷைஜாவுக்குச் சொன்னவள் நான்தான். காலையில் முதல் கதையைச் சொல்லித் தைரியம் கொடுப்பேன், மத்தியானம் இரண்டாவதைச் சொல்லி அதைப் பிடுங்கிக்கொள்வேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை செய்யலாம் என்றாள். சனிக்கிழமை வேண்டாம் என்றாள். இரண்டு நாளும் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்து அப்படியே மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞானசெல்வி பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டாள். ஷைஜா குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரு துண்டும் புதுச் சோப்புமாக என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"முடிவு பண்ணிட்டேன். நீங்க வெளிய நில்லுங்க போதும். நான் கூப்பிட்டா மட்டும் வாங்க."

"ஏட்டி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? உனக்கு ஒரு பிள்ளை இருக்கு, அத நெனச்சுப் பாத்தியா?"

"அத நெனச்சுதானே வந்திருக்கேன்."

குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது. நான் வாசலில் நின்று எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அவள் கத்தினால் யாரை முதலில் கூப்பிடுவது, எந்த ஆட்டோ பக்கத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, நூலக் காணல."

உள்ளே போனேன். அவள் முகமெல்லாம் வியர்வை.

"முன்ன எப்பவாவது தட்டுப்பட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"பின்னே? மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு நர்ஸ் சொல்லி, அம்மா வீட்டுல வச்சுப் பாத்தேன். மீன்வலை நைலான் மாதிரி நல்லாத் தெரிஞ்சுது. இங்க வேலைக்கி வந்த பொறவு எங்க நேரம்? இன்னைக்குத்தான் பாக்கேன். ஒண்ணுமே இல்ல."

மூன்று பெற்றவள் என்ற திமிர் எனக்கு. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு நானும் பார்த்தேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தேன். சத்தியமாக என் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"இல்ல மக்கா. அது போயிட்டு."

"எங்கக்கா போவும்?"

"தீட்டோட போயிருக்கும். போன வருஷம் உனக்குக் கட்டி கட்டியா போச்சுல்லா? அப்பதான் விழுந்திருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்ட."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் என் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இழுக்கவா வேண்டாமா என்று மூன்று நாள் செத்துப் பிழைத்தவளுக்கு, இழுக்கவே வேண்டாம் என்று ஆனால் எப்படி இருக்கும்! ஆண்டவர் எடுத்துப் போட்டுவிட்டார் என்று இரண்டு பேரும் கட்டன்காப்பி போட்டுக் குடித்தோம். நூல் தட்டுப்படவில்லை என்றால் உடனே வந்து காட்ட வேண்டும் என்றும் கொட்டாரத்து நர்ஸ் சொல்லியிருந்தாராம். அது அப்போது இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை. நினைவு வந்திருந்தாலும் போயிருப்போமா என்பது சந்தேகம்தான்.

புதன்கிழமை ஸ்டெனி வந்தான். நாற்பது நாள் இருந்தான், போனான். ஒன்றும் உண்டாகவில்லை. அடுத்த வருடம் வந்தான், போனான். ஞானசெல்வி வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டங்களுக்கு மருமகளை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வைத்தியரின் லேகியத்தை ஷைஜா ஐந்து மாதம் தின்றாள். ஆபீஸில் சாப்பிடும்போது அதன் வாடை எங்களுக்கெல்லாம் அடிக்கும். மூன்றாவது வருடம் லீவுக்கு வருவதற்கு முன்பே ஸ்டெனி அங்கேயே தன்னைப் பரிசோதித்து, தன்னிடம் குறையில்லை என்கிற காகிதத்தை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினான். அதன் பிறகு ஞானசெல்வி ஷைஜாவிடம் நேராகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை ஏழு வயதுக்காரப் பேத்தியிடம் சொன்னாள், ஷைஜா காதில் விழுகிற மாதிரி.

"எனக்குள்ள என்னமோ கெட்டுப்போச்சு அக்கா. அவரு வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் தீட்டு பிந்தாதான்னு காத்திருக்கேன், பாழாப்போனது வந்திருது" என்பாள் ஷைஜா. நான் ஆறுதல் சொல்வேன். காலம் வரணும் மக்கா, காலம் வரணும் என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இந்த வருடம், அந்த மூன்றாவது லீவில்தான் ஸ்டெனி அவளை நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஞானசெல்வியும் சேலை மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். பிறகு இரண்டு வாரம் ஷைஜா வேலைக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நான் முட்டாள், வயிற்றில் தங்கிவிட்டது போல, அதனால்தான் ஓய்வு என்று பக்கத்துக் கல்காரிகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றதும், நான் கேட்காமலே சொன்னாள்.

"அது அங்கயேதான் இருந்துதுக்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"காப்பர்டி. ஸ்கேன்ல தெரிஞ்சுது. காப்பர்டிய வச்சுக்கிட்டே பிள்ளைக்கி ஏன்மா வந்தீங்கன்னு டாக்டரம்மா கேட்டாவ. அவரும் மாமியும் பக்கத்துல நிக்காவ. பொறவு உள்ள கூட்டிப் போயிப் பாத்துட்டு, நூல்கூட வெளிய நல்லாத் தெரியுதேன்னாவ. எடுத்துட்டாவ. இருமச் சொன்னாவ, இருமினேன், முடிஞ்சு. அரை நிமிஷம் ஆவல."

பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டெனி என்ன சொன்னான்?"

"நான் ஊர்ல இல்லாதப்போ உனக்கு இது எதுக்குன்னு கேட்டாரு." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "விழுந்து போச்சுன்னு நெனச்சேன்னு சொன்னேன். ஆரு பாத்து அப்படிச் சொன்னதுன்னாரு. நான்தான் பாத்தேன்னேன். பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருந்துது. டிக்கெட்ட மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு. இப்ப பிள்ளகிட்ட மட்டும்தான் பேசுகாரு."

"எனக்க பேரச் சொல்லியிருக்கலாம்லா பிள்ளே?"

"சொன்னா, ரெண்டு பேரும் சேந்து ஏமாத்தினாளுவன்னு ஆவும். உங்களுக்கு எதுக்கு?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் பொய் சொல்லல மக்கா, நல்லாத்தான் பாத்தேன், ரெண்டு தடவ பாத்தேன்" என்று ஏதேதோ உளறினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"தெரியும்க்கா. நானும்தான் பாத்தேன். வீட்டுல சும்மா இருந்த இந்த ரெண்டு வாரமும் இதையேதான் யோசிச்சேன்."

பிறகு தன் சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலைப் பிரித்து எடுத்தாள். என் வலது கையைப் பிடித்து விரல்களை மலர்த்தினாள்.

"கண்ண மூடுங்க."

மூடினேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. அவள் பிடி மட்டும் மணிக்கட்டில் தெரிந்தது. காத்துக்கொண்டு நின்றேன்.

"எப்பம் வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"விரல்மேல வச்சு, இழுத்து, எடுத்தும் ஆச்சுக்கா. அண்டி எண்ணெயில வெந்த விரலுல்லா நமக்கு."

கண்ணைத் திறந்தேன். நூல் அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது, அதையும் அவள் கண்ணால் பார்த்துத்தான் பிடித்திருந்தாள். பஸ் வந்தது. எட்டு மணிக்கு ஆபீஸ் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம்.