மரைக்கு ஏற்ற சன்னம்

கங்காரு நாட்டு டண்டினொங்கில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற பொனிபஸ், ஐம்பத்திரண்டாவது வயதில் வேட்டைக்காரர் ஆனார். ஆனார் என்பது அவருடைய கணக்கு. மனைவி அருள்நாயகியைக் கேட்டால், "அவர் வேட்டைக்குப் போறவரில்ல, வேட்டையைப் பற்றிக் கதைக்கிறவர்" என்பார். இப்போது இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பொனிபஸும் அதையே சொல்லித்தான் தொடங்குவார்.

அவரை இதற்குள் இழுத்து விட்டவன் தவம். அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், அவரைப்போல மன்னார்க்காரன், பத்து வயது இளையவன். "அண்ணை, ஜிப்ஸ்லாந்து மலையில நிக்கிற மான் எங்கட மரைதான். அந்தக் காலத்தில சிலோனில இருந்து கப்பலில கொண்டு வந்து விட்டதாம். எங்களுக்கு முன்னமே வந்து, நிரந்தரமாத் தங்க பி.ஆர். எடுத்திட்டுது" என்று தவம் சொன்னது பொனிபஸுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. லைசன்ஸ் எடுத்தார், துவக்கு வாங்கினார், அதைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டியும் வாங்கினார்.

சுடப் பழகும் மைதானத்துக்குப் போன முதல் நாளே மானம் போயிற்று. பக்கத்து மேசைக்காரர் தன் துவக்கைச் சுட்டதும் பொனிபஸ் நிலத்தில் கிடந்தார். அவர் படுக்கவில்லை, உடம்பு தானாகப் படுத்துவிட்டது. மன்னாரில் சண்டைக்காலம் அதற்குப் பழக்கிவிட்ட உடம்பு அது. அங்கே பொறுப்பாக நின்ற வெள்ளைக்காரர் ஓடிவந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். "சுட்ட ரவையின் கோது ஒன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன்" என்றார் பொனிபஸ். இன்னும் ஒரு வெடிகூட அவர் சுட்டிருக்கவில்லை. அந்த மனிதர் நல்லவர். தானும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார்.

அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் பிறகு தன் விரலால் விசையை இழுத்தபோது அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எப்போது வரும் என்று தெரிந்து வருகிற சத்தம். அதற்காகவே மறுபடியும் போனார், பிறகும் போனார்.

தவம் கடையில் எந்தப் பெட்டி கைக்கு எட்டுகிறதோ அதை வாங்கிக்கொண்டு மலைக்குப் போகிறவன். பொனிபஸால் அப்படி இருக்க முடியவில்லை. சுட்டு முடிந்த வெற்றுக் கோதைச் சுத்தம் செய்து, புது வெடிமருந்து போட்டு, பறந்துபோய்ப் படுகிற குண்டான சன்னத்தை முனையில் புதிதாக வைத்து நாமே ரவை செய்யலாம் என்று ஒரு நாள் யூரியூப்பில் பார்த்துவிட்டார். கராஜில் காரை வெளியே தள்ளிவிட்டு மேசை போட்டார். கைப்பிடியை அமுக்கி ரவை செய்யும் சின்ன இயந்திரம் அதில் ஏறியது. மருந்து எவ்வளவு என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். எந்தச் சன்னம் என்பதைத்தான் ஆள் தெரிவு செய்ய வேண்டும். பொனிபஸ் விழுந்தது அந்தக் குழியில்.

மரை சின்ன மான் அல்ல. மாடு மாதிரி உடம்பு, தடித்த தோளெலும்பு. மெல்லிய உறை போட்ட ஈயச் சன்னம் பட்டவுடன் காளான்போல விரியும். ஆனால் எலும்பில் பட்டால் சிதறி நின்றுவிடலாம். உறையோடு ஈயத்தை ஒட்டிச் செய்த சன்னம் அவ்வளவாகச் சிதறாது. முழுச் செம்பில் செய்தது எலும்பையும் துளைத்துப் போகும். ஆனால் வேகம் குறைந்தால் விரிய மறுக்கும். இதற்கு மேல் எடை வேறு இருக்கிறது, அதைக் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். நூற்றைம்பது கிரெய்னா, நூற்று அறுபத்தைந்தா, நூற்று எண்பதா? பாரம் குறைந்தது விரைவாகப் போகும், கூடியது ஆழமாகப் போகும். வேட்டைக்கடைக் கெவினிடம் கேட்டால் அவர் எல்லாமே நல்லது என்றார். யூரியூப்பில் ஒவ்வொருவரும் மற்றவர் சொன்னது பிழை என்றார்கள். பொனிபஸ் எல்லாரையும் நம்பினார்.

பங்குனியில் ஈயம் என்று முடிவெடுத்தார். சித்திரையில் ஒட்டிய ஈயம். வைகாசி முடியும்போது கராஜில் நாலு வகைச் சன்னம் இருந்தது, சுட்ட மரை ஒன்றும் இல்லை. போர்க்லிஃப்டில் இருந்தபடி இதையே யோசித்து, ஒருநாள் கண்ணாடி அடுக்கைத் தப்பான லொறியில் ஏற்றிவிட்டார்.

அருள்நாயகி ஒருநாள் உடுப்புக் காயப்போட கராஜுக்குள் வந்தார். பொனிபஸ் மூக்குக்கண்ணாடியோடு இரண்டு சன்னங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இன்னும் முடியேல்லையே?"

"அவசரப்படக் கூடாதப்பா. இது ஒரு பெரிய முடிவு."

"என்னைப் பாக்க வந்தண்டைக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள ஓமெண்டு சொன்னனீங்கள். உந்தச் சன்னத்துக்கு மூண்டு மாசமோ?"

"அது வேற, இது வேற."

"ஓம், அதுதான் நானும் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் உடுப்பை விரித்தார்.

முடிவைக் கடைசியில் எடுத்தது மகள் றொஷானி. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், இறைச்சி என்றால் உயிர். ஈயச் சன்னத்தின் துகள் இறைச்சிக்குள் கலக்கும் என்று எங்கோ வாசித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா, ஐ ஆம் நொட் ஈற்றிங் லெட்" என்றாள். ஈயம் தின்னமாட்டாளாம். அவ்வளவுதான், மூன்று பெட்டி ஈயம் அலுமாரிக்குப் போயிற்று. முழுச் செம்பு, நூற்று அறுபத்தைந்து கிரெய்ன்.

அதை மைதானத்தில் சுட்டுப் பார்த்தபோது கடதாசியில் ஓட்டைகள் கோழி கொத்தின மாதிரிச் சிதறிக் கிடந்தன. துவக்குக்கு அந்தச் சன்னம் பிடிக்கவில்லை. செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது, அதனால் அதே எடைக்குச் சன்னம் நீளமாகிவிடுகிறது, இந்தத் துவக்கின் குழாய் அதைச் சரியாகச் சுழற்றி விடாது என்று கெவின் விளக்கினார். நூற்றைம்பதுக்கு இறங்கினார் பொனிபஸ். இந்த முறை மூன்று ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குள் அடங்கின. அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையிடத்தில் காட்டினார். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து சுவாமியாருக்கும் காட்டினார். சுவாமியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பொனிபஸ், கறையான் அரிச்சதோ?" என்று கேட்டார்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை பொனிபஸும் தவமும் மலைக்குப் போனார்கள். விடியலிலிருந்து நடந்து ஒரு வாலும் காணாமல், மத்தியானம் ஒரு மரக்குற்றியில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். பொனிபஸ் தன் சன்னம் முந்நூறு மீற்றரில் எப்படிப் பறக்கும் என்று குசுகுசுத்து விளக்கிக்கொண்டிருந்தார். காற்று, சரிவு, வேகம் எல்லாம் வந்தது.

"அண்ணை" என்றான் தவம்.

"பொறு, இன்னும் முடிக்கேல்ல."

"அண்ணை, வாயை மூடிப்போட்டு அங்க பாருங்கோ."

கல்லெறிந்தால் படும் தூரத்தில், பன்னச் செடிகள் அடர்ந்த பற்றைக்கு இந்தப் பக்கம், ஒரு பெட்டை மரை பக்கவாட்டாக நின்றது. முந்நூறு மீற்றருக்குப் படித்ததெல்லாம் வீண். பொனிபஸ் துவக்கை எடுத்து, மூச்சை விட்டு, சுட்டார். மரை ஒரு துள்ளுத் துள்ளிப் பள்ளத்துக்குள் மறைந்தது.

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவரால் மறக்க முடியாதது. செம்பு விரியவில்லை, ஈயமே எடுத்திருக்க வேண்டும், காயத்தோடு எங்கோ கிடந்து துடிக்கப்போகிறது என்று நினைத்தார். இரத்தம் சொட்டியிருந்த வழியே இறங்கிப் போனார்கள். அது அதிகம் ஓடவில்லை. பள்ளத்தின் அடியில் தூங்குவதுபோலச் செத்துக் கிடந்தது. பொனிபஸ் முழந்தாளிட்டு அதன் கழுத்தில் கை வைத்தார். சூடாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கியதைப் புகை என்று சமாளிக்க அங்கே அடுப்பும் இல்லை.

அதோடு எழுந்திருந்தால் பெரிய மனிதராகத் திரும்பியிருப்பார். ஆனால் சன்னம் எப்படி விரிந்தது என்று பார்க்க வேண்டுமே. அது உடம்பைத் துளைத்து மறுபக்கத்தால் வெளியே போய்விட்டிருந்தது. பொனிபஸ் மேலே ஏறி, மரை நின்ற இடத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைக் கையால் கிண்டத் தொடங்கினார். கீழே தவம் தனியே தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, என்ன கிழங்கோ கிண்டுறியள்?"

"சன்னமடா."

"இறைச்சி இஞ்ச கிடக்கு."

சன்னம் அகப்படவில்லை. நகத்துக்குள் மண்ணோடு இறங்கி வந்தபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. இத்தனை மாதம் யோசித்ததில், செத்த மரையைக் கார்வரைக்கும் எப்படிக் கொண்டு போவது என்று ஒரு நாள்கூட அவர் யோசித்திருக்கவில்லை. கொண்டுவந்தது பாணும் போத்தலும் வைக்கிற சின்னப் பை. தவம் தன் பையில் கொள்ளுமட்டும் இறைச்சியை அடைத்தான். பொனிபஸ் ஒரு பின்னங்காலைப் பிள்ளையைப்போலத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். நாளெல்லாம் போர்க்லிஃப்டால் தூக்குகிறவருக்கு ஒரு தொடையின் பாரம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓடையைக் கடக்கும்போது வழுக்கி, தொடையும் அவருமாகத் தண்ணீருக்குள் இருந்தார்கள். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு முறை பள்ளத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. கடைசி முறை அவர் தவழ்ந்துதான் ஏறினார்.

அடுத்த ஞாயிறு அருள்நாயகி மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டல் கறி வைத்தார். தவமும், பங்குத் தேவாலயத்தில் பாட்டுக்குழு நடத்துகிற திரேசா அன்ரியும் சாப்பிட வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, அசையாமல் கதிரையில் இருந்தார் பொனிபஸ். றொஷானி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். எல்லாரும் அருள்நாயகியைத்தான் புகழ்ந்தார்கள். சன்னத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று பொனிபஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல பஞ்சு மாதிரி இறைச்சி, தம்பி" என்றார் திரேசா அன்ரி. "மார்க்கெட்டில எந்தக் கடையில வாங்கினனீங்கள்?"

"கடையில இல்ல அன்ரி" என்று பொனிபஸ் முன்னால் சாய்ந்தார்; முதுகு பிடித்து இழுக்க மறுபடி பின்னால் சாய்ந்தார். "நான் சுட்டது. முழுச் செம்பு. நூற்றைம்பது கிரெய்ன்."

அன்ரி அவரையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். "கிரேன் பிடிச்சோ தூக்கினனீங்கள்? அவ்வளவு பெரிசோ?"

தவத்துக்குப் புரையேறியது. றொஷானி தண்ணீரை எடுத்து அவனிடம் நீட்டினாள். பொனிபஸ் ஒரு கணம் வாயைத் திறந்தார். ஈயம், செம்பு, உறை எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. பிறகு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"இல்ல அன்ரி. கிரேன் கிடைக்கேல்ல. அதுதான் இந்தத் தலையணை."