இருபதாவது கூரை

போன மே மாதம் ஒரு மத்தியானம், மாரீஸ்வரியின் மகள் வீட்டுப் பரணில் மயங்கிக் கிடந்தாள். தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பயம் என் சிநேகிதி மாரீஸ்வரியை விட்டு இன்னும் போகவில்லை.

அதனால்தான் அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் மும்பை தாராவியில் தகரக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை பெயின்டை இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னபோது, தன் சந்துக்குக் கேட்டு வாங்கினாள். மார்ச் முடிவதற்குள் இருபது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் வேறு இடத்துக்குப் போய்விடும்.

அலுவலகம் தந்த நோட்டீஸில் ‘புவி வெப்பமயமாதல்’, ‘கரியமில வாயு உமிழ்வு’ என்றெல்லாம் இருந்தது. சந்தில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. வருகிறவர்களுக்கும் அந்தத் தமிழ் புரியாது. இவள் வீடுவீடாக உட்கார்ந்து முழங்கினாள். டீ கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. அதோடு விட்டாளா? எந்த வீட்டில் பேசியாயிற்று என்று குழம்பாமல் இருக்க, கதவுகளில் சாக்பீஸால் நம்பர் போட்டு வைத்தாள். மறுநாள் காலையில் அத்தனை நம்பரையும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். தாராவியில் கதவில் நம்பர் விழுந்தால், வீட்டை இடித்து எங்கோ ஓர் அடுக்குமாடிக்கு அனுப்பக் கணக்கெடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்ற வேண்டாமா? எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இட்லி வியாபாரம் செய்யும் முப்பிடாதியம்மாள் நேராகவே கேட்டாள். “ஏட்டி, எங்கள எந்த பில்டிங்குக்குத் தள்ளப் போறாவ? உண்மையச் சொல்லு.”

மாரீஸ்வரி ஒவ்வொரு கதவாகப் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னாள். நோட்டீஸைப் பைக்குள் போட்டுவிட்டு, முப்பிடாதியம்மாள் வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்வி கேட்டாள்.

“வெயில்ல ஒங்களுக்கு என்ன கஷ்டம் அத்தை?”

“மாவுதான். மத்தியானம் ஆட்டி வச்சா பொழுதடையுமுன்ன பொங்கி வழிஞ்சிருது. புளிச்ச இட்லிய எவன் வாங்குவான்? மாட்டுங்காவுக்குக் கொண்டு போனா கஸ்டமரு மூஞ்சியச் சுளிக்கான்.”

மாதிரிக்கென்று அலுவலகம் கொடுத்திருந்த பெயின்டை மாரீஸ்வரி தன் கூரையிலேயே அடித்தாள். அது காய்ந்ததும், முப்பிடாதியம்மாள் ஆட்டிய மாவை இரண்டு பானைகளில் பிரித்து, ஒன்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அங்கே மாவு தரையில் வழிந்து கிடந்தது. இங்கே பானையில் முக்கால்தான் ஏறியிருந்தது. முப்பிடாதியம்மாள் உள்ளே வந்து விரலை விட்டுப் பார்த்தாள், நக்கிப் பார்த்தாள், கைநாட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மாரீஸ்வரி செய்தாள் என்று சொல்ல முடியாது. சந்தின் மற்ற இட்லிக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மாவோடு வந்து வைத்துப் பார்த்தார்கள். மாதக் கடைசி நாளில் பத்தொன்பது வீடுகள் சேர்ந்திருந்தன. பாக்கி இருந்தது சந்து முனையில் தோல் பை தைக்கும் ஷைஸ்தா. அவளுக்கும் இட்லி மாவுக்கும் என்ன சம்பந்தம்? என்ன சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது என்று பயந்துகொண்டேதான் மாரீஸ்வரி போனாள்.

உள்ளே முப்பிடாதியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்தில் மெஷின் முன்னால் உட்கார முடிகிறதா என்று தனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஷைஸ்தா சிரித்துக்கொண்டே, முதுகெல்லாம் வேர்க்குரு என்று சைகை காட்டினாள்.

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, நீ சும்மா இரு,” என்றாள் முப்பிடாதியம்மாள். “பேனாவ மட்டும் குடு.”