கொட்டகையை அடைத்த கார்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். கார் சீட் தைக்கிறவள் என்பதால் வந்த பேர் பாதி, வாயால் வந்த பேர் பாதி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய கோபமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கென்று ஒதுக்கி வைத்தது.

தொழிலை அவளுக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில், புருஷனிடம் வேலைக்கு வரும் கார்களின் கிழிந்த சீட் உறைகளைக் குப்பைக்குப் போகுமுன் பிடுங்கிக்கொள்வாள். உட்கார்ந்து தையலைப் பிரிப்பாள். எந்தத் துண்டு முதலில் சேர்ந்தது, எது கடைசியில் சேர்ந்தது, எந்த இடத்தில் முந்தின ஆள் சோம்பல்பட்டான் என்பதெல்லாம் பிரிக்கிறபோதுதான் தெரியும் என்பாள். அப்படிக் கற்ற கை. அவள் தைத்த சீட்டில் நூல் போனதாக யாரும் திரும்பி வந்ததில்லை.

புருஷன் டிங்கர். நசுங்கிய கதவையும் துருப்பிடித்த தகட்டையும் தட்டி, வெட்டி, ஒட்டி நேராக்குகிறவர். கையில் நல்ல வேலை இருந்தது. வாயில்தான் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. குழாய் ஒழுகுகிறது என்றால் ஆகட்டும். கூரை ஒழுகுகிறது என்றால் ஆகட்டும். தெருவில் அவருக்குப் பேரே அதுதான். 'ஆகட்டும் வீடு எது?' என்று கேட்டால் நடக்கப் பழகும் குழந்தைகூடக் கை காட்டும்.

அவருடைய ஆகட்டும்களிலேயே பெரிய ஆகட்டும் கொட்டகையில் நின்றது. கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளும் பழைய ஓப்பன் கார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், யாரோ தோட்டத்தில் மழைக்கு விட்டிருந்ததை வாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். ஒரே வருஷத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் இன்று தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். கார் ஒரு முழம் நகரவில்லை.

வந்த வாரத்தில் ஒரு வேலை மட்டும் உருப்படியாகச் செய்தார். கூரையுள்ள கார் மூடி போட்ட பெட்டி மாதிரி, ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். ஓப்பன் கார் மூடி இல்லாத பெட்டி. அதன் பலமெல்லாம் கீழே தரையில்தான். அந்தத் தரையைத் துரு தின்றுவிட்டால், பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி நடுவில் தொய்ந்துவிடும். அதனால் இரண்டு கதவு வாசலிலும் உள்பக்கமாகக் குறுக்கே முட்டுக்கம்பி வைத்து வெல்டு அடித்தார். நடு வயிற்றுக்குக் கீழே கனமான மரக்கட்டைகளைக் கொடுத்தார்.

"இந்தக் கம்பி இருக்கற வரைக்கும்தான் இது கார். எடுத்தா பழைய இரும்பு" என்று அவளிடம் சொன்னார். சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கம்பிகளில் மிச்ச நூல்கண்டு மாட்டி வைத்தது அவள்தான்.

கொட்டகையில் கார் நின்றதால் தையல் வீட்டுக்குள் நடந்தது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த நடைவழியில் மெஷின். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். துணி வெட்டுவது கட்டிலின் மேல். படுக்குமுன் ரெக்சின் துண்டுகளை வாரி எடுக்க வேண்டும், எழுந்ததும் மறுபடி விரிக்க வேண்டும். ஸ்பாஞ்சுத் தூள் தலையணையில், பசை நாற்றம் சோற்றில். ஒரு தடவை புருஷன் முதுகில் சாக்பீஸ் கோடு விழுந்து, அதோடு கடைத்தெரு வரை போய்வந்தார்.

"வெட்டாம விட்டேனேன்னு சந்தோஷப்படுங்க" என்றாள்.

இந்த வருஷம் படகுக் கம்பெனிக்காரர் வந்தார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றும் படகுகள். எல்லாவற்றுக்கும் மெத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் ஆள் நீளம். நடைவழியில் மெஷினைப் பார்த்தார், மெத்தையின் நீளத்தை மனசுக்குள் போட்டுப் பார்த்தார்.

"தையல் நல்லாருக்கும்மா. ஆனா இத எங்க வெச்சுத் திருப்புவீங்க?"

"அடுத்த மாசம் வாங்க. இடம் இருக்கும்" என்றாள் ஊசி.

இந்த மாதிரி வேலை அவள் வாழ்நாளில் ஒரு தடவைகூட வாசல் ஏறி வந்ததில்லை. அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டாள், கார் போக வேண்டும். அவர் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆகட்டும்" என்றார்.

விற்கும் பொறுப்பைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். பழைய கார்களைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி விற்கும் தரகன். தெருவில் பாலிஷ் என்று பேர். அவனே ஒரு நாள் வந்து போட்டோ எடுத்தான், அவனே விளம்பரம் போட்டான். 'அரிய ஓப்பன் கார். புதுப்பிக்க ஏற்றது. கொஞ்சம் வேலை பாக்கி.'

"கொஞ்சம் பாக்கியா? வேலை முழுசா அப்படியேதான இருக்கு" என்றாள் ஊசி.

"விளம்பரம்னா அப்படித்தான் அண்ணி. கல்யாணத்துக்கு எடுக்கற போட்டோவுல யாராவது பல்வலியோட நிப்பாங்களா?"

ஒன்றிரண்டு பேர் போன் செய்தார்கள். கடைசியில், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் போட்டோவைப் பார்த்தே மயங்கி, வண்டி ஏற்றும் லாரியோடு சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலையில் கொட்டகையைப் பெருக்கப் போனாள். நூல்கண்டுகளை எடுத்து வைக்கலாம் என்று காரின் மேல் கிடந்த படுதாவை விலக்கியபோது, கண்டுகள் ஒரு ஓரத்தில் பையில் கட்டிக் கிடந்தன. மாட்டியிருந்த கம்பியைக் காணோம். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வெட்டிய இடத்தைத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது. குனிந்து பார்த்தாள். நடுவில் இருந்த மரக்கட்டைகளும் இல்லை. கார் முன்பக்கம் ஒரு ஜோடி இரும்பு முக்காலி, பின்பக்கம் ஒரு ஜோடி என்று இரண்டு முனையில் மட்டும் நின்றது.

கதவைத் திறந்து பார்த்தாள். வரவில்லை. காலை வைத்து இழுத்தாள். கிறீச்சென்று ஒரு விரல் அளவு நகர்ந்து மேல் மூலையில் இறுக்கிக்கொண்டது. இடைவெளி கீழே அகலமாகவும் மேலே மயிரிழையாகவும் இருந்தது. வளைந்துவிட்டது.

பத்து நாளைக்கு முன்னால் கட்டர் சத்தம் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. டிங்கர் வீட்டில் கட்டர் சத்தம் காக்கை கரைகிற மாதிரி. யார் எட்டிப் பார்ப்பார்கள்?

கொழுந்தனுக்குப் போனில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். பாலிஷ் பறந்து வந்தான். கையில் அரம்.

"அந்தக் கம்பி போட்டோவுல பாக்க அசிங்கமா இருந்துச்சு அண்ணி. வண்டிக்குக் கட்டுப் போட்ட மாதிரி. அதான் எடுத்தேன். அடிப்பக்கமும் தெரியணும்னு ரெண்டு முனையில தூக்கி வெச்சேன்."

"அறிவு இருக்கா உனக்கு? கட்டுப் போட்டிருந்தா எலும்பு ஒடிஞ்சிருக்குன்னுதான அர்த்தம்? கட்டப் பிரிச்சிட்டு நட ராசான்னு விட்டியா?"

"கத்தாதீங்க. கதவோட மேல் ஓரத்தை அரத்தால நாலு இழுப்பு இழுத்தா திறந்து மூடும். அவரு என்ன ஸ்கேல் வெச்சா பாக்கப் போறாரு? லாரி ஏறிட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுது."

ஊசி அரத்தைப் பிடுங்கிக் கொட்டகை மூலையில் எறிந்தாள். அது தகரத்தில் பட்டு எழுப்பிய சத்தத்தில்தான் புருஷன் டீ டம்ளரோடு வந்து நின்றார். அதே நேரம் வாசலில் லாரியும் வந்து நின்றது.

பஸ் டிரைவர் இறங்கினார். சலவைச் சட்டை, சிரித்த முகம்.

"முப்பது வருஷம் தலைக்குப் பின்னால அறுபது பேர வெச்சு ஓட்டினேம்மா. இனிமே பின்னாலயும் யாரும் வேணாம், மேலயும் ஒண்ணும் வேணாம். காத்து மட்டும் போதும்" என்று சொல்லிக்கொண்டே கதவில் கை வைத்தார்.

"கொஞ்சம் டைட்டா இருக்கும் சார். ரொம்ப நாள் நின்ன வண்டி பாருங்க" என்றான் பாலிஷ்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அரை மணியில் கொட்டகை காலி. அது அவளுக்குத் தெரியும். படகுக்காரர் முகமும் கட்டிலில் விரித்த ரெக்சினும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஆனால் பிரிந்துபோகும் என்று தெரிந்த தையலை அவள் கை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தக் கை இப்போது இடுப்பில் ஏறியது.

"டைட்டும் இல்ல, லூசும் இல்லைங்க. வண்டி வளைஞ்சுபோச்சு. தரை துரு. தாங்கி நின்ன கம்பிய இந்த ஆள் அறுத்துட்டான். நீங்க பாத்தது நடிச்ச போட்டோ."

டிரைவரின் கை கதவிலிருந்து இறங்கியது. சிரிப்பும் கூடவே இறங்கியது. பாலிஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எல்லாப் பழியும் எம்மேலயா? நானா கட்டர் கொண்டு வந்தேன்? அண்ணன்தான எடுத்துக் குடுத்தாரு! பக்கத்துல நின்னு லைட்டும் அவருதான புடிச்சாரு!"

ஊசி மெதுவாகத் திரும்பினாள். புருஷன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட் புடிச்சீங்களா?"

"அவன் கேட்டான்..."

"கம்பிய அறுத்தா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாது. அவன் மேல்பூச்சு பூசறவன். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"அப்புறம்?"

"போயிடட்டும்னும் நெனச்சேன். போகாம இருந்தா நல்லாருக்கும்னும் நெனச்சேன். அவன் அறுக்கறப்ப... சரி, பாப்போம்னு இருந்துட்டேன்."

கொழுந்தன் மேல் இருந்த கோபமெல்லாம் வைக்கோலில் பிடித்த நெருப்பு. இது வேறு. பதினெட்டு வருஷமாக அவர் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தாள். சோம்பேறியோடு குடும்பம் நடத்தலாம், அவளும் நடத்திவிட்டாள். மனுஷன் சோம்பேறி இல்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தான் நினைத்ததைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"விக்க மாட்டேன்னு என் முகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லிருக்கலாமே! சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் சோறு போட்டிருக்க மாட்டேன். அதோட முடிஞ்சிருக்கும். தலையும் ஆட்டிட்டு, அடியில குழியும் தோண்டிட்டு... நான் கட்டில்ல கோடு போட்டு வெட்டறத தினமும் பாத்துட்டுத்தான படுக்கறீங்க?"

"பாத்துட்டுத்தான்" என்றார் தணிந்த குரலில்.

"நான் வேணா கிளம்பறேன்" என்றார் பஸ் டிரைவர்.

"நில்லுங்க" என்றாள் ஊசி. கூட்டமான பஸ்ஸை நிறுத்துகிற குரல் அது. அவர் நின்றுவிட்டார். "இத நேராக்க முடியுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

வேலை பற்றிக் கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தது. நடுவில் ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கலாம். கதவு இடைவெளி சரியானதும் கம்பியைத் திரும்ப ஒட்டி, அதற்குப் பிறகு தரைத்தகட்டை மாற்றலாம். கெட்டுப்போகவில்லை, இன்னும் கெட்டுப்போகவில்லை.

டிரைவர் மோவாயைத் தடவினார். "நேராக்கித் தரையும் போட்டுக் குடுத்தா எடுத்துக்கறேன். மீதிய நான் பாத்துக்குவேன்."

"ஆகட்டும். இங்கயே வெச்சு ஒரே வாரத்துல..."

"இங்கயா?" ஊசி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "இந்தக் கொட்டகையில இனி ஒரு நட்டுகூட நிக்காது. தம்பி, உங்க வீட்டு முன்னால கார் நிறுத்த எடம் கட்டிருக்கீங்கல்ல?"

பாலிஷுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. "அண்ணி! புது டைல்ஸ் போட்டிருக்கேன்!"

"டைல்ஸ் வளையாது. பயப்படாதீங்க."

"வீட்ல அவ என்னைக் கொன்னுடுவா!"

"அதுக்கும் அண்ணனையே லைட் புடிக்கச் சொல்லுங்க."

பஸ் டிரைவருக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறியது. லாரி எப்படியும் காலியாகத்தான் திரும்பப் போகிறது, வழியில் இறக்கிவிடுவதில் தனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்றார்.

வழியில் இன்னும் தொய்யாமல் இருக்க, வளைந்த நிலையிலேயே புதுக்கம்பி இரண்டை ஒட்டும்படி புருஷனிடம் சொன்னாள். அவர் வெல்டு அடித்து முடிக்கும்வரை, கண்ணைப் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்தை விட்டு நகராமல் நின்றாள். கோடு போட்ட மாதிரி வெல்டு. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவு தெரிந்த கை.

சக்கரம் மாட்டி, நாலு பேர் தள்ளி, கார் வெளிச்சத்துக்கு வந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதன் நிறம் சரியாகத் தெரிந்தது. புருஷன் அதோடு லாரியில் ஏறிப் போனார். திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, துடைப்பம் எடுக்கப் போய்விட்டாள்.

மதியத்துக்குள் கொட்டகை காலி. தரையில் கார் நின்ற இடம் மட்டும் எண்ணெயில் கறுத்து, அதன் உருவத்திலேயே கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள், போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று அதன் மேலேயே பழைய கதவுப் பலகை இரண்டைக் கிடத்தி வெட்டுமேசை ஆக்கினாள். பக்கத்து வீட்டுக்காரியும் அவளுமாக மெஷினை நடைவழியிலிருந்து தூக்கி வந்தார்கள். படகுக்காரருக்குப் போன் போட்டு, "நாளைக்கே ஒரு மெத்தையை அனுப்புங்க" என்றாள்.

சாயங்காலம் புருஷன் வந்தார். கொழுந்தன் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. காது சிவந்திருந்தது. ஒரு கையில் கருவிப் பெட்டி. கொட்டகை வாசலில் நின்று, உள்ளே பரந்து கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"கம்பிய எடுத்துட்டு ஜாக்கி குடுத்துட்டேன். ஒரு நூல் அளவு தூக்கிருக்கு" என்றார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பெட்டிய மட்டும் இந்த மூலையில..."

அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"முடியாது."

அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். அவள் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வையில் அது அங்கேயே நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மெஷின் போன பிறகு அகலமாகிக் கிடந்த நடைவழியில், இப்போதும் பக்கவாட்டிலேயே நடந்து உள்ளே போனார்.