ஐவியின் முன்னங்கால்

வெர்லின் ஏக்கர்ஸ் எதற்கும் தலையாட்டுவார். ரோனோக் நகர ரயில் யார்டில் முப்பத்து நாலு வருடம் சரக்குப் பெட்டிகளைக் கோத்தும் கழற்றியும் அந்தச் சத்தத்தில் இரண்டு காதையும் தொலைத்தவர். "என்ன சொன்னீங்க?" என்று மறுபடி கேட்பதை அவமானமாக நினைக்கிற ஆண்கள் எங்கள் ஊரில் ஏராளம். என் அப்பாவும் அந்த ரகம்தான். வெர்லின், தன் மனைவி ஜெனிவா இறந்துவிட்டதாக டாக்டர் சொன்னபோதும் தலையாட்டிவிட்டு, பிறகு நர்ஸிடம் எழுதிக்காட்டச் சொன்னாராம். அவரே என்னிடம் சொன்னார், பேருந்து தவறிப்போன கதையைச் சொல்வது போல.

நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். ஒலியைக் குவித்துக் கட்டியைச் சிதைக்கும் சிகிச்சைக்கு வரும் நாய்களுக்கு முடி மழிப்பது என் வேலை. முடிக்கிடையில் சிக்கிய காற்று ஒலியை மறித்துவிடும் என்பதால் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மழிக்க வேண்டும். பதினோரு வருடமாக மழிக்கிறேன். முதல் வருடம் வீட்டுக்குப் போய் அழுதேன், அப்புறம் மனசு மரத்துவிட்டது.

ஐவி, ரக்கூன் வேட்டைக்கென்று வெர்லின் வளர்த்த நாய். ஏழு வயது. இடது முன்னங்கால் எலும்பில் புற்றுக்கட்டி. அவர் ஊர் டாக்டர் காலை எடுக்க வேண்டும் என்றதும், கத்தியே வைக்காமல் சத்தத்தாலேயே கட்டியைக் கரைக்கிறார்களாமே என்று எங்களிடம் வந்தார். அந்தச் செய்தி மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டிருந்தது.

எங்களுடையது ஆய்வு. டாக்டர் ஹைல்டன் அதைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். இன்று ஒலி, நாளை அந்தக் காலையே எடுத்துவிடுவோம், எடுத்த எலும்பில் கட்டி எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்ப்போம். வெர்லின் தலையாட்டினார். கையெழுத்தும் போட்டார். அந்தத் தலையாட்டலை நான் பிறந்ததிலிருந்து அப்பாவிடம் பார்த்திருக்கிறேன். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. வெளியே இன்னும் மூன்று நாய்கள் காத்திருந்தன, அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் காலையில் கழுத்துப்பட்டையும் கையுமாக வந்து நின்றார்.

"எப்பம்மா அவளக் கூட்டிட்டுப் போலாம்?"

"ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஆகும், ஐயா."

"என்ன ஆபரேஷன்?"

ஹைல்டனைக் கூப்பிட்டேன். அவள் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து உரக்கப் பேசினாள்.

"கட்டியில ஒரு பாதியத்தான் சத்தத்தால அடிச்சிருக்கோம். மறுபாதிய ஒப்பிட்டுப் பாக்க விட்டுருக்கோம். வேண்டாம்னா இப்பவே நீங்க கூட்டிட்டுப் போலாம், யாரும் தடுக்க மாட்டோம். ஆனா அந்த எலும்பு ஒருநாள் தானா ஒடியும். அந்த வலிய அவ தாங்க மாட்டா."

"அப்ப நேத்து அடிச்சது அவளுக்காக இல்ல."

"இல்ல. இனிமே வரப்போற நாய்ங்களுக்காக."

எனக்கு அவளிடம் பிடித்தது அதுதான், மழுப்பத் தெரியாது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மழுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

"தப்பு என்னோடதுதான், ஐயா," என்றேன். "உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும். நான் கத்திச் சொல்லியிருக்கணும்."

"கேட்டுச்சும்மா," என்றார். "பேப்பர்லயும் படிச்சேன். காதுதான் போச்சு, கண்ணு போகலையே."

"அப்புறம் ஏன்...?"

"கேட்டுச்சுன்னு சொன்னா அது முடிவாயிடும்ல? கட்டி நல்லா கரைஞ்சிருக்கறதப் பாத்தா, சரி, கால் இருக்கட்டும்னு நீங்களே விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

வெர்லின் கழுத்துப்பட்டையைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"எடுத்துருங்க," என்றார்.

மூன்றாம் நாள் ஐவி மூன்று காலில் தத்தித்தத்தி அவருடைய டிரக்கை நோக்கி நேராகப் போனது. வாலாட்டம் குறையவில்லை. வெர்லின் குனிந்து, ஏழு வருடமாகத் தூக்குகிற அதே தெம்பில் தூக்கினார். பாரம் போதவில்லை. பின்னால் சாயப்போனவரை முதுகில் கை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

நாயை இறக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"லேசா இருக்கா," என்றார்.