சமன் என்று சொன்னவள்

புது நெல்லின் சுணை கழுத்துக்குள் இறங்கிவிட்டால், குளித்தாலும் எண்ணெய் பூசினாலும் அந்த அரிப்பு லேசில் போகாது. இந்த வயதிலும், குழந்தையின் அறிவு எந்த வயதில் எந்தப் படியில் ஏறி நிற்கிறது என்று யாராவது மேடையில் விளக்கத் தொடங்கினால், எனக்கு அதே அரிப்புத்தான் எடுக்கிறது. அந்தச் சாத்திரத்தை ஆசிரியர் கலாசாலையில் முப்பது வருடம் படிப்பித்துச் சம்பளமும் பென்சனும் வாங்கியவள் நான். அதை ஏளனம் செய்ய எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

ஐம்பதுகளின் நடுவில், கல்முனையில், நானும் ராத்தாவும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். ராத்தா என்றால் என் கூடப்பிறந்த அக்கா, ஹாஜறா. என்னைவிட இரண்டு வயது மூப்பு. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் அறுத்த கதிரைச் சூடு மிதிக்கும் காலமெல்லாம் வாப்பா அவளைத்தான் வயலுக்குக் கூட்டிப்போவார். அதனால் படிப்புத் தவறித் தவறி அவள் என் வகுப்பில் வந்து நின்றாள். சூடு மிதித்த களவெட்டியிலேயே நெல் அளக்கும்போது மரைக்காலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பது அவள் வேலை. வாங்க வந்தவனின் ஆள் அளந்தால், மரைக்காலை முழங்காலால் இடித்து இடித்து நெல்லை இறுக்குவான். எங்கள் ஆள் அளந்தால், தளரப் போட்டுச் சட்டென்று தலைவழித்துவிடுவான். "மரைக்கால்ல ஒண்டுமில்ல, அளக்கிற கையிலதான் எல்லாம் இரிக்கி" என்று வாப்பா ஓயாமல் சொல்வார். சிந்திய நெல்லைப் பொறுக்காமல் மிதித்தால், "அல்லாஹ் தந்த பரக்கத்து போயிரும்" என்று உம்மா தலையில் குட்டுவா.

ஐந்தாம் வகுப்போடு பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடும் காலம் அது. "கெட்டிக்காரியெண்டா மேல படிக்கட்டும், இல்லாட்டி வீட்ட இரிக்கட்டும்" என்று வாப்பா எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார். ராத்தா அதற்குள்ளேயே வாப்பாவின் பழைய சாரனைக் கிழித்து, பெரிய பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு புத்தகப்பை தைத்துவிட்டாள். அதை நான் தொட்டாலே கையில் அடி விழும்.

அந்த நேரத்தில்தான் "துரை" வந்து இறங்கினார். நம்மவர்தான், காற்சட்டையும் தொப்பியும் போட்டுக் கொழும்பிலிருந்து வந்ததால் துரை. பிள்ளைகளின் "புத்தி விருத்தி"யை அளக்கும் வித்தை கற்றவராம். யார் மேலே படிக்கத் தகுதி என்று அவர் எழுதித் தருவாராம். அவருடைய புத்தகத்தில் தண்ணீரை ஊற்றிக் காட்டும்படிதான் இருந்ததாம். மேசைக் காகிதங்கள் நனைந்துவிடும் என்று பயந்து, தண்ணீருக்குப் பதில் நெல் கொண்டுவரச் சொன்னார். வயல்காரன் பிள்ளைகளுக்கு நெல்லைக் காட்டிப் புத்தி பார்க்க வந்த அந்த மேதையை என்னவென்று சொல்வது!

ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் மட்டமாக நெல் இருந்தது. ஒன்றில் இருந்ததை ஒல்லியான, உயரமான குவளைக்குள் கொட்டினார். மேல்மட்டம் கோணலாக இருக்கிறதென்று குவளையை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். நாலைந்து நெல் கீழே தெறித்தது. வாசலில் என் முறைக்காக நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

"இப்ப எதில நெல் கூட?" என்று ராத்தாவைக் கேட்டார்.

"இதில குறைவு சேர்," என்று அவள் குவளையைக் காட்டினாள். "நீங்க கீழ சிந்திட்டீங்க. மறுகா தட்டி இறுக்கியும் போட்டீங்க. திருப்பி அளந்தாத்தான் சரியாச் செல்லலாம்."

சொன்னதோடு நிற்காமல், மேசைக்கடியில் குனிந்து நெல்லைப் பொறுக்கப் போனாள்.

"எழும்பு! அதை விடு! கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடவா, குறைவா, சமனா?"

"அளந்தது நீங்கதானே சேர். நான் ஒருக்கா அளந்து பாக்கவா?"

அவர் முகம் புளித்துப்போய்விட்டது. நீளமாக எதையோ எழுதிவிட்டு அவளைப் போகச் சொன்னார்.

அடுத்தது நான். அதே நெல், அதே குவளை, மேசையில் அதே இரண்டு தட்டு. எனக்குக் குவளை எதற்கு? மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட என்றாலும் பிடிக்காது, குறைவு என்றாலும் பிடிக்காது என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"சமன் சேர்."

"ஏன்?"

"நீங்க ஒண்டும் கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல."

அவர் சிந்திய நெல் என் காலடியில் கிடந்தது. துரைக்கு வாயெல்லாம் பல். "கெட்டிக்காரி!" என்று முதுகில் தட்டினார்.

பத்து நாளில் தலைமை வாத்தியார் வாப்பாவைக் கூப்பிட்டுக் காகிதத்தை வாசித்தார். இளையவள் கூர்மதியாம், மூத்தவள் வயதுக்கேற்ற அறிவு வளராதவளாம், கவனம் சிதறுகிறவளாம். களவெட்டியில் அவள் கண்ணை நம்பி மூடை கட்டிய வாப்பா, முன்பின் தெரியாத ஒருவன் எழுதிய நாலு வரியை நம்பிவிட்டார். "காயிதத்தில எழுதிக் கிடக்கே புள்ள, நான் என்ன செய்ய?" என்றார். தூ! எழுத்தைக் கண்டால் வாயைப் பிளக்கும் அந்தப் புத்தியை எந்தக் குவளையில் ஊற்றி அளப்பது? வாப்பாவை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ராத்தா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் பையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நான் பெரிய பள்ளிக்கூடம் போனேன்.

பிறகு கலாசாலையில் அதே பரிசோதனையை வருடா வருடம் நானும் செய்து காட்டினேன், தண்ணீரில். நெல்லைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. என்னைப் போலவே, எனக்குப் பிடித்த பதிலை என் முகத்தில் தேடிச் சொன்னவர்களுக்கெல்லாம் நல்ல புள்ளி போட்டேன்.

இப்போது களவெட்டியும் இல்லை, மரைக்காலும் இல்லை. வயலுக்குள் இறங்கும் இயந்திரமே வெட்டி, அடித்து, தூற்றித் தந்துவிடுகிறது. தராசு நிறுத்துச் சொல்கிறது. பிள்ளைகளை அளக்கிறவர்கள் மட்டும் குறையவில்லை.

போன பெருநாளைக்கு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது, இத்தனை காலம் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். "ராத்தா, அண்டைக்கு நான் குவளையப் பாக்கல்ல. அவர்ர மூஞ்சியப் பாத்துத்தான் சமன் எண்டு சென்னேன்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்று சிரித்தாள். பிறகு, "கீழ நெல் கிடந்திச்சே, கண்டயா?" என்று கேட்டாள்.

"ஓம், கண்டேன்."

"கண்டா பொறுக்கியிருக்கலாமே, புள்ள."